பூட்டின வீட்டில் மூன்று விசில்

அந்த யூனிஃபார்ம் எந்த ஸ்கூலுடையது என்று யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன். அப்படி ஒரு ஸ்கூலே கிடையாது. மெரூன் கலர் டாப்ஸ், சாம்பல் கலர் பேன்ட், அதே சாம்பலில் ஒரு துப்பட்டா. பாகூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் மீந்து கிடந்த துணியை அம்மா பொறுக்கியெடுத்து வந்து, எங்கள் ஊரில் தைக்கிற அக்காவிடம் கொடுத்துத் தைத்தது. எனக்கு மெரூன் பிடிக்காது என்று சொன்னேன். "இல்லாத ஸ்கூலு இன்னா கலரா இருந்தா ஒனக்கு இன்னாடி?" என்றாள் அம்மா. அப்போது எனக்குப் பதினாறு வயது.

பத்தாவதில் கணக்கில் ஃபெயில். முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு. எங்கள் ஊரிலிருந்து என்னோடு எழுதிய இரண்டு பெண்களும் பாஸாகிவிட்டார்கள். ரிசல்ட் பார்த்த அன்று நான் அழவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டு, இனி அதைத் தொட்டால் ஏனென்று கேளுங்கள் என்று கத்தினேன். உடனே எழுதக்கூடிய துணைத் தேர்வு ஒன்று இருந்தது. ஸ்கூலிலிருந்து இரண்டு முறை ஆள் விட்டுச் சொன்னார்கள். போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தேன், அதற்குப் பணம் கட்டும் நாளும் போய்விட்டது. என்னை வீட்டில் உட்கார வைத்தது என் கோபம்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு வாய் வராது.

நான் ஃபெயிலானது அம்மாவுக்குப் பெரிய கவலையில்லை. அது அத்தைக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதுதான் கவலை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பண்டசோழநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தது. கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிற பொம்பளை, குரல் இரண்டு கொல்லை தாண்டிக் கேட்கும். அவளுக்கு ஒரே பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெரியவளானபோது எனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் சொம்பு ஊற்றியது அத்தைதான். ஊற்றிய கையோடு, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "இது எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு, எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் மாமன் மகளுக்கு முறைப்பையன் இருந்தால் அந்த உரிமை பெரிய உரிமை. நாலு பேர் முன்னால் ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டால் அது சும்மா பேச்சாகிவிடாது.

அதற்கடுத்து மிச்சமிருந்தது பூ வைப்பது ஒன்றுதான். பெண்ணின் தலையில் மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துவிட்டால் முடிந்தது. கல்யாணத்தைப் பதினெட்டு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பெண் வீட்டோடு கிடக்க வேண்டும். பூ வைத்த பெண் பஸ் ஏறிப் படிக்கப் போவது எங்கள் ஊரில் அப்போது வழக்கமில்லை. என் அம்மாவுக்கு ஒன்பதாவது படிக்கும்போது வைத்தார்கள். பத்தாவது புத்தகம் வாங்கியது வாங்கியபடியே புத்தம் புதிதாக ஆயா வீட்டுப் பெட்டியில் கிடந்தது என்று சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கிவிடும்.

அதனால் அத்தை பேச்செடுக்கும்போதெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள். "படிச்சிக்கினு இருக்குது அண்ணி. படிக்கிற பொண்ணுக்குப் பூ வெக்க வேணாம்." அத்தையும் அதற்கு மேல் பேசமாட்டாள். ஃபெயிலாகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த ஒரு பதிலும் போச்சு. ஆகவே, துணைத் தேர்வில் பாஸாகிவிட்டேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, அம்மா ஒரு ஸ்கூலை உண்டாக்கினாள். வில்லியனூர் பக்கம், ப்ளஸ் ஒன், தெரிந்த சிஸ்டர் ஒருத்தர் மூலமாகச் சேர்த்தது. எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் கேட்க ஆளில்லை. அப்பாவிடமும் அதையேதான் சொன்னாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். அவருக்கு அக்காவிடம் பொய் சொல்ல வராது. வாயைத் திறக்கும் முன்பே முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தினமும் காலை ஏழேகாலுக்கு நானும் அம்மாவும் வீட்டை விட்டுக் கிளம்புவோம். நான் மெரூன் யூனிஃபார்மில், முதுகில் பை, பைக்குள் பழைய புடவை ஒன்று, கனம் தெரிவதற்காக. தெரு முழுக்கப் பார்க்க பஸ் நிறுத்தம் வரைக்கும் நடப்பேன். பஸ் வருவதற்குள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கரும்புக் கொல்லை ஓரமாகத் திரும்பி, வீட்டுப் பின்கதவு வழியாக உள்ளே வந்து தாழ் போட்டுக்கொள்வேன். அம்மா முன்கதவைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போய்விடுவாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு மறுபடி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, பின்வழியாக இறங்கி, பஸ் வந்து போனதும் தெரு வழியாக வீட்டுக்கு வருவேன். "இன்னா பாப்பா, டயர்டா இருக்குதா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்பாள். "ஆமாங்கா, ஒரே ரெக்கார்டு வேல" என்பேன். என்ன ரெக்கார்டு, எதற்கு ரெக்கார்டு, எனக்கே தெரியாது.

உள்ளே இருக்கும் பகல் முழுவதும் சட்டம் அம்மாவுடையது. இருமக்கூடாது. டிவி போடலாம், சத்தம் வைக்கக்கூடாது. நான்கு மாதம் நான் சீரியல்களை ஊமைப் படமாகப் பார்த்தேன், யார் யாருக்கு மாமியார் என்று முகத்தை வைத்தே பழகிக்கொண்டேன். கிணற்றடிப் பக்கம் போகக்கூடாது. மிக்ஸி, குக்கர் இரண்டும் ஆகவே ஆகாது. காலையில் ஆக்கி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் கிடக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் சாயந்திரம் பால்வாடி டீச்சர் தெருவில் வீடு வீடாக வந்தார். வயசுக்கு வந்தும் ஸ்கூலுக்குப் போகாத பெண்களைக் கணக்கெடுக்கிறார்கள், அந்தப் பெண்களுக்குச் சத்துமாவு பாக்கெட்டும் மாத்திரையும் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அப்போது பதினொன்றாவது, கிளாஸில் ஒரு நாள் லீவு போடாதவள். அவள் அம்மா கூசாமல், "எங்க படிக்கிறா, வூட்லதான் கெடக்கறா டீச்சர்" என்று சொல்லி இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டாள். அடுத்தது எங்கள் வீடு. அம்மா நெஞ்சை நிமிர்த்தி, "எம் பொண்ணு ப்ளஸ் ஒன்னு படிக்குது டீச்சர்" என்றாள். நான் அந்த மெரூன் யூனிஃபார்மோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். இப்படி எங்கள் தெருவில் படிக்கிற பெண் படிக்காதவளாகவும், படிக்காதவள் படிக்கிறவளாகவும் நோட்டில் ஏறினோம். உலகம் முழுக்கப் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற பெண்களைப் பற்றிப் படங்களோடு கட்டுரைகள் வருகின்றன, நானும் படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அந்தக் கணக்குகளில் எங்கள் தெரு எப்படி ஏறியிருக்கும் என்று நினைத்துச் சிரிப்பு வரும்.

ஆனால் அப்போது சிரிப்பு வரவில்லை. பக்கத்துத் தெருவில் தொடக்கப்பள்ளி இருந்தது. காலையில் பிரேயர் பாட்டு கேட்கும், பிறகு சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். நான் தரையில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரில் எல்லோருக்கும் போக ஓரிடம் இருந்தது, எனக்கு ஒரு யூனிஃபார்ம் மட்டும்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், வேறு ஒன்றுமே செய்ய இல்லாமல், பரண்மேல் ஏறிக் கணக்குப் புத்தகத்தை இறக்கினேன். அது என் கோபத்துக்கு நானே வைத்த முதல் சூடு.

ஸ்கூலில் கணக்கு எனக்குப் புரியாததற்குக் காரணம் என் அவசரம். டீச்சர் போர்டில் மூன்றாவது வரி எழுதுவதற்குள் நான் விடையைக் கத்திவிடுவேன், அது தப்பாக இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள், எனக்கு ரோஷம் வரும், பிறகு நாள் முழுக்கக் கேட்கமாட்டேன். பூட்டின வீட்டில் யாரிடம் கத்துவது? ஒரு கணக்குக்கு ஒரு பகல் முழுக்க இருந்தது. தப்பு வந்தால் அடித்துவிட்டு மறுபடி போட்டேன். பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த பக்கங்களெல்லாம் தீர்ந்து, காலண்டர் தாள்களின் முதுகில் போட ஆரம்பித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தொடமாட்டேன் என்று அத்தனை சத்தம் போட்டவள் எந்த முகத்தோடு சொல்வது?

நடவு சமயம் வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை, நெற்றி சுட்டது. போக வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். நடவுக் கும்பலில் ஒரு ஆள் குறைந்தால் மற்றவர்களுக்குச் சுமை என்று சொல்லிவிட்டுப் பழையதைக்கூடச் சாப்பிடாமல் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சேற்றில் நின்றுவிட்டு வருகிறவளுக்குச் சூடாகப் பருப்புச் சாதமாவது இருக்கட்டுமே என்று குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தேன். வெளியே மழைத்தூறல், தெருவில் நடமாட்டம் இல்லை, ஒரு விசில் வருவதற்குள் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அரிசி கொதிக்கத் தொடங்கிய நேரம் வாசலில் குரல் கேட்டது. "இன்னா, வூடு பூட்டிக் கெடக்குது?"

அத்தைதான். எதிர்வீட்டு அக்கா, அம்மா நடவுக்கும் நான் ஸ்கூலுக்கும் போயிருப்பதாகச் சொன்னாள். "சாயங்காலம்தான் வருவாங்க, வாங்க, இப்படிக் குந்துங்க" என்று அவள் வீட்டு வாசல்படியில் அத்தையை உட்காரவைத்தாள். எங்கள் ஜன்னல் கதவின் இடுக்கு வழியாக அத்தையின் பச்சைப் புடவை தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். குக்கர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

முதல் விசில் அடித்ததும் தெருவில் பேச்சு நின்றது. அடுப்படிக்கு ஓடினேன். பதற்றத்தில் எரிகிற அடுப்பின் திருகை விட்டுவிட்டுப் பக்கத்து அடுப்பின் திருகைத் திருகினேன், அதற்குள் இரண்டாவது அடித்தது. சரியான திருகை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஆவியும் போய்த் தொலையட்டும் என்று துணியால் விசிலைத் தூக்கிவிட்டேன். அது நீளமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி ஊதியது. மூன்றாவது விசில் முழுக்க முழுக்க என் கைங்கரியம்.

"பூட்டின வூட்ல எவடி சோறாக்கறது?" அத்தையின் குரல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. பின்கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாளைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நைட்டியோடு நின்ற என்னைப் பார்த்ததும் அத்தையின் முகம் மாறியது. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள். "எவன்டி உள்ள? மரியாதையா சொல்லிடு." ஒல்லிப் பயல்கூட நுழைய முடியாத அரிசி டிரம் மூடியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடங்கினாள். பிறகு ஆணியில் தொங்கிய யூனிஃபார்மைப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இது எந்த ஸ்கூலுடி?"

நான்கு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. நான் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். ஃபெயிலானது, இல்லாத ஸ்கூல், பஸ் நிறுத்தம் வரை நடப்பது, பைக்குள் இருக்கும் பழைய புடவை, எல்லாம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், அழும்போதும் வாய் அடங்காது. "எல்லாம் ஒன்னாலதான். ஒனக்குத் தெரிஞ்சா பூ வெச்சிடுவ. அப்புறம் நான் எங்கம்மா மாதிரி ஆயிடுவேன்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அறைவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்தாள். "சோறு வெந்துச்சா பாரு" என்றாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டோம். அம்மாவுக்கென்று ஆக்கியதில் பாதிக்கு மேல் அத்தையே சாப்பிட்டாள், உப்பு போதவில்லை என்ற குறையோடு. கை கழுவிவிட்டு வந்தவள் தரையில் பரப்பிக் கிடந்த காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அடித்து அடித்துத் திருத்தியிருந்த இடங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீ போட்டதா?"

"ஆமா அத்த."

"பூட்டிக்கினா?"

"ஆமா."

அதற்குப் பிறகு அம்மா வரும்வரை அவள் பேசவே இல்லை. அத்தை இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்று மணி வாக்கில் அம்மா வந்தாள். தெருவில் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள், மூன்று விசிலுக்கு அத்தனை பேர்கூட வராவிட்டால் எப்படி? அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தாள். உள்ளே எதிரில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கால் சேறு காய்ந்து வெளுத்திருந்தது, முகம் அதைவிட வெளுத்துப்போயிற்று. "அண்ணி..." என்றாள்.

அத்தை அவளைக் கையமர்த்தினாள். எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துப் பேசினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. எம் பொண்ணு கணக்குல பெயிலு. மறுபடி எழுதப்போறா, அதுக்குத்தான் வூட்ல குந்திப் படிக்கறா. இதுல மறைக்க இன்னா கீது? அவ போதும்னு சொல்ற வரைக்கும் படிப்பா. நடுவுல எவனாவது பொண்ணு கேட்டு வந்தா பண்டசோழநல்லூருக்கு அனுப்புங்க, முறைக்காரி நான் பேசிக்கறேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து பூட்டு கீட்டு போட்டேன்னு வெச்சிக்க..." என்று பாதியில் விட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்று அம்மா அழுதாள். எனக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. ஊர் முன்னால் உரிமை சொல்லிவிட்டுப் போய்விட்டாள், பூ வைக்கவில்லையே தவிர எல்லாம் முடிந்த மாதிரிதான் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். படிப்பு முடியும் வரைக்கும் தவணை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த தேர்வைத் தனித்தேர்வராக எழுதினேன். கணக்கில் எழுபத்தொன்று. நிஜமான ஒரு ஸ்கூலில், நிஜமான ஒரு யூனிஃபார்மில் ப்ளஸ் ஒன் சேர்ந்தேன், என்னோடு படித்தவர்களுக்கு ஒரு வருஷம் பின்னால். பிறகு ப்ளஸ் டூ. பிறகு பாண்டிச்சேரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு. நடுவில் பெண் கேட்டு மூன்று இடம் வந்தது, ஒன்று நல்ல வசதியான இடம். "நாத்தனார் வூட்ல சொல்லி வெச்சிருக்குது" என்று அம்மா ஒரு வார்த்தை சொல்வாள், வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு மறுபேச்சில்லாமல் போய்விடுவார்கள். முறைக்காரி பெயர் சொன்ன பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு சொல் ஆறேழு வருஷம் என்னைச் சுற்றி வேலி மாதிரி நின்றது. அதற்குள் இருந்துகொண்டு நான் பாட்டுக்குப் படித்தேன்.

அந்த வேலியைப் போட்டவளிடம் நான் நன்றாக நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தை வருவாள், "இன்னும் எத்தினி வருஷம்டி?" என்று கேட்பாள். என்னைக் கொண்டுபோக நாள் எண்ணுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காபி டம்ளரை ணங்கென்று வைப்பேன். அவளுடைய பையன் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். அவனுக்கு இருபத்தைந்து ஆகி, இருபத்தேழு ஆகி, முன்தலை முடி கொட்டத் தொடங்கியது. அவனுக்கும் யாரும் பெண் கொண்டுவரவில்லை, அவனுக்குத்தான் மாமன் மகள் இருக்கிறாளே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் ஒருத்தன் நிற்கிறான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவன் மனசில் என்ன இருந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

மூலக்குளத்தில் ஒரு லேபில் எனக்கு வேலை கிடைத்த மாதம், அப்பா ஊருக்கு வந்திருந்தபோது, அத்தை வருவதாகப் போன் வந்தது. அம்மா வீட்டைக் கழுவிவிட்டு, எனக்கொரு புடவையை எடுத்து வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. என்ன சொல்லி மறுப்பது என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் வசனம் எழுதி வைத்திருந்தேன். படிக்க வைத்து, ஊரையே தடுத்து நிறுத்தி வைத்தவளிடம் எப்படிச் சொன்னாலும் அது நன்றிகெட்ட பேச்சாகத்தான் இருந்தது.

அத்தை வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். "தம்பி, பையனுக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கறேன். பாப்பாவுக்கு அது இஷ்டப்படி நீ பாரு" என்றாள்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "எம் பொண்ணுக்கு இன்னா கொற? ஏழு வருசம் சொல்லி வெச்சிட்டு இப்ப வேணான்னா ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்று எகிறினார். வேண்டாம் என்று சொல்ல நான் வசனம் எழுதி வைத்திருக்க, வேண்டும் என்று என் அப்பா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

"கொற ஒன்னும் இல்லடா" என்றாள் அத்தை. "படிக்கணும்னு பூட்டிக்கினு கெடந்த பொண்ணு. அத இன்னொரு வூட்ல வெச்சி நான் பூட்டுவேனா? அது வாயால கேட்டா சரி. ஏழு வருசமா வந்து வந்து மூஞ்சியப் பாக்கறேன், ஒரு நாளும் கேக்கல."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அத்தனை பொங்கலுக்கும் அவள் அதைத்தான் பார்க்க வந்திருக்கிறாள்.

அவளுடைய பையனுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் ஆயிற்று. இப்போது இரண்டு குழந்தைகள். எனக்கும் ஆகிவிட்டது, நானே பார்த்து, நானே சொல்லி. முறைக்காரர்கள் சம்மதம் உண்டா என்று சபையில் கேட்டபோது வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு முதலில் தலையாட்டியது அத்தைதான்.

போன மாதம் அத்தை லேபுக்கு வந்தாள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். கரும்பு வெட்டுகிற ஆட்களையெல்லாம் அதட்டி மேய்த்தவளுக்கு ஊசி என்றால் நடுக்கம். கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வருகிறவர்கள் பயந்தால் நாங்கள் ஏதாவது பேச்சுக் கொடுப்போம். நான் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அத்த, அன்னிக்கு நீ இன்னாத்துக்கு வந்த?"

"எந்த அன்னிக்கு?"

"வூடு பூட்டியிருந்துச்சே, அன்னிக்கு."

"பூ வெக்கத்தான் வந்தேன்" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "ஒங்கம்மா சாக்கு சொல்லிக்கினே இருந்தா. அந்த மாசத்த வுட்டா அவனுக்கு ரெண்டு வருசத்துக்கு நேரம் இல்லன்னு ஜோசியக்காரன் வேற சொல்லிட்டான். சாயங்காலம் நீ வந்ததும் தலையில வெச்சிட்டுப் போயிடலாம், அப்புறமா எல்லாரையும் கூட்டிக்கலாம்னு. தேங்கா, பழம், நாலு மொழம் மல்லி, எல்லாம் எதிர்வூட்ல வெச்சிட்டுத்தான் ஒங்க பின்கதவத் தட்டனேன்."

நரம்பு கிடைத்தது. ரத்தம் சிரிஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் பூவ இன்னா பண்ண?"

"இன்னா பண்றது? பொண்ணுக்குன்னு வாங்கினத வேற யாருக்குக் குடுக்கறது? பஸ்ல குந்திக்கினு நானே வெச்சிக்கினேன். வூட்டுக்குப் போனா ஒங்க மாமா கேக்கறாரு, பூ வெக்கப் போனவ நீ வெச்சிக்கினு வந்து நிக்கறியேன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "குத்தியாச்சா இல்லியாடி?" என்றாள்.

குத்தி, எடுத்தும் முடித்திருந்தேன். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிஷம் பிடித்தால் போதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் சொல்வேன். அடுத்த ஆள் வந்து நின்று, டோக்கனைக் காட்டி, மறுபடி போய் உட்கார்ந்தும்கூட, அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.